டோர்ட்மண்டுக்கு எழுதும் கடிதம்: எந்தக் கதையைச் சொல்வது?

"சிறு வயதிலிருந்தே எனக்கு இயந்திரங்கள் மீது ஆர்வம்" என்று தொடங்கும் எஸ்ஓபி (படிப்பின் நோக்கத்தைச் சொல்லும் கடிதம்) பொய்யல்ல. ஆனால் அதை எழுதியவர் யாரென்று படிப்பவருக்குத் தெரிவதில்லை. கதையாகச் சொன்னால் ஆள் தெரிவார். எந்தக் கதை என்பதைக் கடிதம் போய்ச் சேரும் இடத்தைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். அமெரிக்க இளநிலைப் படிப்புக்கான பொது விண்ணப்பத்தில் 650 சொற்களையும் பாட்டியின் சமையலறைக்கே செலவிடலாம். ஜெர்மனியின் டோர்ட்மண்டில் அது எடுபடாது. மோட்டிவேஷன் லெட்டர் கேட்கும் படிப்புகளுக்கு ஒன்றிரண்டு பக்கம்தான் இடம். கதை ஐந்தாறு வரிகளில் தன் வேலையை முடித்துவிட வேண்டும்.

வாழ்க்கையை வரிசையாகச் சொல்லலாம், ஒரே சம்பவத்தைச் சொல்லலாம், விடை கிடைக்காத ஒரு கேள்வியைத் துரத்தியதையும் சொல்லலாம். டோர்ட்மண்ட் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் உற்பத்தித் தொழில்நுட்ப முதுநிலைக்கு நான் மூன்றாவதைத்தான் பரிந்துரைப்பேன். கோவையில் ஒரு பம்ப் கம்பெனியில் இன்டர்ன்ஷிப் செய்தீர்கள் என்று வைத்துக்கொள்வோம். காலையில் சிஎன்சி இயந்திரம் சூடேறுவதற்குள் கடைந்த ஷாஃப்டுக்கும் மதியம் கடைந்ததற்கும் சில மைக்ரான் வித்தியாசம். அளந்து பார்த்தீர்கள், கிராஃப் போட்டீர்கள், பாதி புரிந்தது. புரியாத மீதியை மறைக்காதீர்கள். நீங்கள் மேற்படிப்புக்கு வருவதற்கான காரணமே அதுதான். "கடின உழைப்பாளி" என்று நீங்களே சொல்லிக்கொள்ளத் தேவையில்லை. அந்த கிராஃப் சொல்லிவிடும்.

வளரும் நாடுகளின் பகுதித் திட்டமிடலுக்கான 'ஸ்பிரிங்' முதுநிலை வேறு மாதிரி. முதலாண்டு டோர்ட்மண்டில், இரண்டாமாண்டு வேறு கண்டத்திலுள்ள கூட்டுப் பல்கலைக்கழகத்தில். இதற்கு டிஏஏடி (ஜெர்மன் கல்விப் பரிமாற்ற அமைப்பு) உதவித்தொகையோடு விண்ணப்பிப்பவருக்குக் குறைந்தது இரண்டாண்டு வேலை அனுபவம் வேண்டும். கடிதமும் இப்போதைய வேலையைத் தொட்டுப் பேச வேண்டும். எனவே ஒரே சம்பவம் போதும், அது வேலையிலிருந்து வரட்டும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது சென்னை வேளச்சேரியில் வரைபடத்தில் இருந்த வடிகால் தரையில் இல்லாததைப் பார்த்தவர் அந்தத் தெருவிலிருந்தே தொடங்கலாம்.

"ஏன் டோர்ட்மண்ட்?" என்ற கேள்வியில்தான் நல்ல கடிதங்களும் சறுக்குகின்றன. பல்கலைக்கழகத்தின் புகழை அவர்களுக்கே எடுத்துச் சொல்லி ஒரு பத்தி வீணாகிறது. ஊரைப் படியுங்கள். ஹோர்டே பகுதியில் 2001இல் மூடப்பட்ட ஃபீனிக்ஸ் எஃகு ஆலையின் இயந்திரங்களைக் கழற்றிச் சீனாவுக்குக் கொண்டுபோனார்கள். அந்த நிலத்தைத் தோண்டி 2010இல் நீர் நிரப்பத் தொடங்கினார்கள். இன்று ஃபீனிக்ஸ் ஏரியாக இருக்கும் அது எம்ஷெர் ஆற்றின் வெள்ளத்தையும் வாங்கிக்கொள்கிறது. திறந்த சாக்கடையாக ஓடிய அந்த ஆற்றிலிருந்து கழிவுநீர் முற்றிலும் நீங்கியது 2021இன் முடிவில்தான். வேளச்சேரியில் தொடங்கிய கடிதம் இங்கே வந்து சேர்ந்தால் காரணம் தானாகப் புரியும். அதே ஏரியை இயந்திரவியல் விண்ணப்பத்தில் நுழைத்தால் சுற்றுலாக் குறிப்பாகிவிடும்.

சேர்ந்தபின் கேட்கும் டாய்ச்லாண்ட்ஸ்டிபெண்டியம் உதவித்தொகை மாதம் 300 யூரோ. பாதியை ஜெர்மன் மத்திய அரசும் மீதியைத் தனியார் கொடையாளர்களும் தருகிறார்கள். மதிப்பெண்ணோடு சமூகப் பணியையும் தாண்டிவந்த தடைகளையும் பார்ப்பதால், மற்ற இரண்டு இடங்களிலும் நான் வேண்டாம் என்னும் வரிசைக் கதை இங்கே பொருந்தும். டோர்ட்மண்டைச் சுற்றியுள்ள ரூர் பகுதியில் வளர்ந்த ஈழத்தமிழ்ப் பிள்ளைகளுக்கு இதில் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். எண்பதுகளில் அப்பா போரிலிருந்து தப்பி வந்தது அவருடைய கதை. அதற்கு ஒரு வரி கொடுங்கள். பத்து வயதில் அரசு அலுவலகத்தில் அம்மாவுக்கு மொழிபெயர்த்துச் சொன்னது உங்களுடையது. அங்கிருந்து தொடங்கி, சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் சிறுவர்களுக்குப் பாடம் எடுத்தீர்களானால் அதையும், எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை என்பதையும் எழுதுங்கள்.