இருளில் இரை தேடும் சுறா

சுறா என்றதும் நம் மனத்தில் முதலில் எழுவது அச்சம். வரிசை வரிசையாக அமைந்த அதன் பற்களே நம் கண்முன் நிற்கின்றன. ஆனால் பற்கள் இரையைப் பிடிக்க மட்டுமே உதவும். இரை எங்கே இருக்கிறது என்று அவை சொல்லா. பரந்த கடலில், கலங்கிய நீரில், நள்ளிரவில், மணலுக்கடியில் புதைந்து கிடக்கும் ஒரு சிறு மீனைச் சுறா எப்படிக் கண்டுகொள்கிறது? இந்த வினாவுக்கு விடை தேடித்தான் எங்கள் விலங்கியல் வகுப்பில் இந்தச் சிறு ஆய்வைத் தொடங்கினோம்.

மீன்கடையில் வாங்கி வந்த ஒரு பால்சுறாவின் தலை ஆய்வுக்கூட மேசைமீது இருந்தது. அதன் மூக்குப் பகுதியில் ஊசியால் குத்தியது போன்ற சிறு துளைகள் எண்ணற்றவை தெரிந்தன. விரலால் மெல்ல அழுத்தினோம். துளைகளிலிருந்து பிசுபிசுப்பான கூழ் கசிந்தது.

"இது என்ன, டீச்சர்?" என்று கேட்டோம்.

"இதற்கு விடை காண மனிதருக்கு ஏறக்குறைய முந்நூறு ஆண்டுகள் ஆயின. உங்களுக்கு ஒரு வாரம் தருகிறேன்" என்றார் ஆசிரியை.

நூலகத்தை நாடினோம். எங்களுக்கு முதல் மகிழ்ச்சி அங்கேயே கிடைத்தது. இந்தியக் கடற்சுறாவான ஸ்கோலியோடானின் உடலமைப்பை விளக்கி 1928-இல் வெளிவந்த நூலை எழுதியவர் ஒரு தமிழ்ப் பெண்மணி! லக்னோவிலுள்ள இசபெல்லா தோபர்ன் கல்லூரியில் விலங்கியல் கற்பித்த இவாஞ்சலின் தில்லையம்பலம்தான் அவர். பெண்கள் நடந்த பாதையில்தான் நாமும் நடக்கிறோம் என்ற ஊக்கத்தோடு மேலே படித்தோம்.

மோப்பம்

நாம் மூக்கால் மூச்சு விடுகிறோம், முகரவும் செய்கிறோம். சுறா மூச்சு விடுவது செவுள்களால். அதன் மூக்குத் துளைகளுக்கு முகர்வது ஒன்றே வேலை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜார்ஜ் பார்க்கர் என்ற அமெரிக்க அறிஞர் சிறு சுறாக்களின் மூக்குத் துளைகளைப் பஞ்சால் அடைத்துப் பார்த்தார். இரண்டையும் அடைத்தபோது சுறா அருகிலிருந்த உணவைப் பொருட்படுத்தவில்லை. ஒன்றை மட்டும் அடைத்தபோது, திறந்திருந்த பக்கமாகவே திரும்பித் திரும்பி வட்டமிட்டது. ஆகவே இரு துளைகளையும் ஒப்பிட்டே சுறா திசையறிகிறது என்பது விளங்கியது.

எதை ஒப்பிடுகிறது? மணத்தின் செறிவையா? ஜேன் கார்டினர் என்ற பெண் விஞ்ஞானியும் ஜெல்லி அட்டெமாவும் 2010-இல் இதற்கு விடை கூறினர். சுறாவின் தலையில் சிறு குழாய்களைப் பொருத்தி, இரு துளைகளுக்கும் சற்று நேர இடைவெளி விட்டு மணநீரைச் செலுத்தினர். இடைவெளி அரை நொடியோ அதற்கும் குறைவோதான். எந்தத் துளையை மணம் முந்தி எட்டியதோ அந்தப் பக்கமே சுறா திரும்பியது. மறுபக்கத்து மணம் அதிகச் செறிவாக இருந்தபோதும் அப்படியே செய்தது! செறிவை அன்று, நேரத்தையே சுறா கணக்கிடுகிறது.

கடலில் ஒரு துளி இரத்தம் விழுந்தால் பல மைல்களுக்கு அப்பாலுள்ள சுறாவும் உடனே அறிந்துவிடும் என்று கேள்விப்பட்டிருக்கிறோம். இது மிகைக் கூற்று. மணத்தை நீரோட்டம்தான் சுமந்து வரவேண்டும். அதற்கு நேரம் வேண்டும். நீரோட்டத்துக்கு எதிர்ப்புறமாக மணம் செல்வதில்லை. மேலும் ஐந்து வகைச் சுறா, திருக்கை இனங்களை 2010-இல் ஆராய்ந்தபோது, அவற்றின் மோப்பத்திறன் மற்ற மீன்களின் திறனைவிடப் பெரிதும் உயர்ந்ததன்று என்று தெரிய வந்தது.

கேள்வி, பக்கக் கோடு, பார்வை

சுறாவுக்கு வெளிக்காது இல்லை, உட்செவி உண்டு. தாழ்ந்த சுருதியில் விட்டுவிட்டு எழும் ஒலி சுறாக்களை ஈர்க்கிறது என்று டொனால்டு நெல்சனும் சாமுவேல் குரூபரும் 1963-இல் காட்டினர். அடிபட்டுத் துடிக்கும் மீன் எழுப்பும் ஒலியும் இத்தகையதே.

உடலின் இருபுறமும் ஓடும் பக்கக் கோடு நீரின் அசைவை உணர்த்துகிறது. அதன் கால்வாய்களிலுள்ள நுண்ணிய மயிர்ச் செல்கள், அருகில் நீந்தும் மீன் உண்டாக்கும் சலனத்தை அறிகின்றன. இதைத் தொலைவிலிருந்தே தொட்டறிதல் எனலாம்.

சுறாவுக்குக் கண் தெரியாது என்பதும் தவறு. பூனையின் கண்போலவே சுறாவின் கண்ணிலும் விழித்திரைக்குப் பின்னே ஒளியைத் திருப்பியனுப்பும் படலம் உண்டு. எனவே மங்கிய ஒளியிலும் அது நன்கு காணும். 1955-இல் அமெரிக்காவின் புளோரிடாவில் ஒரு கடலாய்வுக்கூடத்தைத் தொடங்கிய யூஜினி கிளார்க் அம்மையார், எலுமிச்சைச் சுறாக்களுக்கு ஒரு பலகையை மூக்கால் அழுத்தி உணவு பெறக் கற்பித்தார். அறிவற்ற கொடிய விலங்கு என்று ஒதுக்கப்பட்ட சுறா, பாடம் கற்கும் மாணவியாயிற்று!

கூழ் நிறைந்த துளைகள்

இனி எங்கள் மேசைமீதிருந்த புதிருக்கு வருவோம். ஸ்டெபானோ லொரென்சினி என்ற இத்தாலியர் 1678-இல் மின்திருக்கையிடம் இந்தத் துளைகளைக் கண்டு விவரித்தார். ஒவ்வொரு துளையிலிருந்தும் கூழ் நிறைந்த ஒரு குழல் உள்ளே சென்று ஒரு சிறு குமிழில் முடிகிறது. இவற்றை இன்றும் லொரென்சினிக் குமிழ்கள் என்றே அழைக்கிறோம். அவற்றின் பயன்தான் விளங்கவில்லை. வெப்பத்தை அறிவன என்று 1938-இல் ஓர் அறிஞர் கருதினார். அவை மின்சாரத்துக்கு இசைகின்றன என்று ஆர். டபிள்யூ. மரே 1960-இல் கண்டறிந்தார். ஆனால் கடல்வாழ் சுறாவுக்கு மின்சாரம் எதற்கு?

நெதர்லாந்தைச் சேர்ந்த கால்மைன் 1971-இல் வெளியிட்ட சோதனைகள் இதற்குத் தெளிவான விடை தந்தன. நம் ஊர் நாக்குமீனைப் போன்ற ஒரு தட்டைமீனை அவர் மணலில் புதைத்தார். பூனைச்சுறா நேரே வந்து அதைத் தோண்டியெடுத்தது. மணத்தால் அறிந்ததோ? மீனை அகார் கூழாலான அறைக்குள் வைத்தார். மணமும் உருவமும் மறைந்தன. மின்புலம் மட்டும் கூழை ஊடுருவியது. அப்போதும் சுறா சரியான இடத்தையே தாக்கியது. உயிருள்ள மீனுக்குப் பதிலாக மீன் துண்டுகளை அந்த அறையில் வைத்தபோதோ, மணநீர் குழாய் வழியே வெளியேறும் இடத்தைத்தான் சுறா தேடிச் சென்றது. அகார் கூழின்மேல் மின்சாரம் புகாத மெல்லிய பிளாஸ்டிக் தாளை விரித்தார். உயிருள்ள மீன் உள்ளே இருந்தும் சுறா அதன்மேலாகக் கடந்து போயிற்று! இறுதியாக மீனையே அகற்றிவிட்டு, மணலில் இரு மின்முனைகளைப் புதைத்து மெல்லிய மின்சாரம் செலுத்தினார். சுறா அவற்றை இரையென்றே எண்ணித் தோண்டியது.

உயிருள்ள ஒவ்வோர் உடலையும் சூழ்ந்து நீரில் ஒரு மெல்லிய மின்புலம் உண்டு. மறைந்திருக்கும் மீன் அசையாமல் இருக்கலாம். ஆனால் தன் மின்புலத்தை மறைக்க இயலாது. சில சுறா இனங்கள் ஒரு சென்டிமீட்டருக்கு ஒரு வோல்ட்டின் பத்துக் கோடியில் ஒரு பங்கையும்விடக் குறைந்த மின்புலத்தை உணர்கின்றன.

யாருக்கு முதலிடம்?

இத்தனை புலன்களுள் உயர்ந்தது எது என்று எங்களுக்குள் ஒரு வாதம் எழுந்தது. ஒருத்தி மோப்பம் என்றாள். மற்றொருத்தி மின்புலனே என்றாள். இந்த வாதத்தைத் தீர்த்து வைத்தது ஜேன் கார்டினரும் துணைவர்களும் 2014-இல் வெளியிட்ட ஆய்வு. அது யூஜினி கிளார்க் தொடங்கி, இன்று மோட் கடலாய்வுக்கூடம் எனப் பெயர் பெற்றுள்ள அதே நிலையத்தில் நடந்தது. மூன்று இனச் சுறாக்களை நீரோடும் தொட்டியில் விட்டு, மூக்கு, கண், பக்கக் கோடு, மின்துளைகள் ஆகியவற்றை மாற்றி மாற்றி மறைத்துப் பார்த்தனர்.

பொதுவாக முதலில் எட்டியது மணமே. அதைப் பற்றிக்கொண்டு நீரோட்டத்தை எதிர்த்து நீந்தி, அருகே வந்தபின் கண்ணும் பக்கக் கோடும் குறிபார்க்க உதவின. வாய் திறந்து கவ்வும் கடைசிக் கணத்தில் மின்புலன் தேவைப்பட்டது. அதை மறைத்தபோது பெரும்பாலும் இரை தப்பியது. வாயில் இரை பட்டபோது சில சுறாக்கள் தொடுவுணர்வால் பிடித்தன. ஒரு புலன் அடைபட்டபோது பல வேளைகளில் மற்றொன்று அதன் பணியை ஏற்றது. எனினும் எல்லா இனமும் ஒன்றல்ல. கடலடியில் இரவில் இரை தேடும் நர்ஸ் சுறா, மூக்கு அடைபட்டால் இரை தேடவே இல்லை. கருமுனைச் சுறாவோ கண்ணால் கண்டு தாக்கியது.

அஞ்சலோட்டத்தில் ஒருத்தி ஓடி மற்றொருத்தியிடம் கோலைக் கொடுப்பதைப் போல, ஒரு புலன் விட்ட இடத்தில் அடுத்தது தொடர்கிறது. எங்கள் வாதத்தில் வென்றவர் எவருமில்லை.

வேட்டையாடும் புலன் காக்கவும் உதவும்

இத்துணைத் திறன் பெற்ற சுறா இன்று மனிதரின் தூண்டிலுக்குத் தப்ப முடியவில்லை. தூண்டில் இரையின் மணமே அதை அழைத்து வந்துவிடுகிறது. பெருங்கடலில் வாழும் சுறா, திருக்கைகளின் எண்ணிக்கை 1970 முதல் ஏறத்தாழ 71 விழுக்காடு குறைந்துவிட்டது என்று 2021-இல் வெளியான ஆய்வு கூறுகிறது.

ஆயினும் நம்பிக்கைக்கு இடமுண்டு. ஆயிரங்கால் தூண்டிலின் முட்களருகே சிறு மின்துடிப்பை எழுப்பும் கருவியைப் பொருத்தி, 2021-இல் பிரான்சின் தென்கடலில் சோதித்தனர். நீலச் சுறாக்கள் சிக்குவது 91 விழுக்காடும், திருக்கைகள் சிக்குவது 71 விழுக்காடும் குறைந்தன. மின்துளைகளைத் திகைக்கவைக்கும் துடிப்பை உணர்ந்து அவை விலகிச் சென்றன. பூனைச்சுறாவை மணலில் புதைந்த மீனிடம் அழைத்துச் சென்ற அதே புலன், இங்கே நீலச் சுறாவை முள்ளிலிருந்து காத்தது.

ஒரு வாரம் முடிந்தது. ஆசிரியை தந்த வினாவுக்கு விடையை எழுதிக் கொடுத்தோம். முதல் நாள் அந்தத் தலையைத் தொடவே தயங்கியவர்கள் எங்களில் சிலர் உண்டு. இப்போது மீன்கடையில் சுறாவைக் கண்டால் முதலில் அதன் பற்களைப் பார்ப்பதில்லை. குனிந்து மூக்கிலுள்ள துளைகளைத் தேடுகிறோம். தோழியரே, அடுத்த முறை அம்மாவோடு மீன் வாங்கப் போகும்போது நீங்களும் பாருங்கள்!

— மேல்நிலை இரண்டாம் ஆண்டு விலங்கியல் மாணவியர்