ஹாப்ஸ் ஜாதிகளைத் தேர்ந்தெடுக்கும் முறை

பீருக்குக் கசப்பும் நறுமணமும் அளிப்பது ஹாப்ஸ் என்னும் கொடிப் பயிர். இதில் ஆண் கொடியும் பெண் கொடியும் வெவ்வேறு. பெண் கொடியின் கூம்பு வடிவப் பூங்கொத்தே பயன்படுவது. அதன் மடல்களின் அடியிலுள்ள மஞ்சள் நிறப் பொடியில் கசப்புக்குக் காரணமான ஆல்பா அமிலமும், மணத்துக்குக் காரணமான எண்ணெயும் அடங்கியுள்ளன. ஒரு முறை நட்ட வேர் பல ஆண்டுகள் பலன் தரும். ஆதலால், நடும்போது செய்யும் பிழையை அடுத்த பருவத்தில் திருத்திக்கொள்ள இயலாது.

இங்கிலாந்தில் கெண்ட் பிரதேசத்தில் பழமையாய்ப் பெயர் பெற்ற ஜாதிகள் கோல்டிங், ஃபகிள் என்பன. இவற்றின் மணம் மென்மையானது. ஆல்பா அமிலம் ஏறத்தாழ நூற்றுக்கு 4 அல்லது 5 பங்கு. வை கல்லூரியில் உண்டாக்கப்பட்டு 1972-ல் வெளிவந்த டார்கெட் என்னும் ஜாதியிலோ அது ஏறத்தாழ 10 பங்கு.

முளைதானியச் சாற்றில் ஹாப்ஸை ஒரு மணி நேரம் கொதிக்கவைத்தால் ஆல்பா அமிலம் மாறுதலடைந்து கசப்பாகக் கரையும். மண எண்ணெயோ பெரும்பாலும் ஆவியாய்ப் போய்விடும். ஆகவே கசப்புக்கு வாங்குவோர் எடையைக் காட்டிலும் அமில அளவையே கவனிப்பர். 4 பங்கு அமிலமுள்ள 100 ராத்தல் ஃபகிளும், 10 பங்குள்ள 40 ராத்தல் டார்கெட்டும் இவ்விஷயத்தில் சமமே. மணத்தை நாடுவோர் கோல்டிங் போன்றவற்றைக் கொதிப்பின் முடிவில் சேர்ப்பர்.

ஆயினும், பயிரிடுவோர் முதலில் ஆராய வேண்டியது மண்ணையேயாகும். 1924-ல் கெண்டில் வாடல் நோய் கண்டறியப்பட்டது. இதற்குக் காரணமான பூஞ்சாணம் மண்ணிலிருந்து வேர் வழியே புகுந்து, நீர் செல்லும் குழாய்களைக் கெடுக்கிறது. கீழ் இலைகள் முதலில் மஞ்சளாகும்; பின்பு கொடி வாடும். பிடித்த கொடியைக் குணப்படுத்த மருந்து இல்லை. கொடியைத் தோண்டி எறிந்த பின்பும் பூஞ்சாணம் மண்ணில் தங்கும். கருவிகளிலும் காலணிகளிலும் ஒட்டிய மண்ணால் அடுத்த தோட்டத்துக்கும் பரவும். ஃபகிள் இந்நோய்க்கு எளிதில் இரையாகும்.

டார்கெட் வாடலைத் தாங்கும். ஆனால் அடிச்சாம்பல் நோய் அதனைத் தாக்கும். சேமிப்பில் கசப்பும் விரைவில் குறையும். கோல்டிங்கை ஒத்த மணமும் வாடலைத் தாங்கும் தன்மையும் ஒருங்கே வேண்டுவோருக்கு விட்பிரெட் கோல்டிங் ஏற்றது.

எனவே முதலில் நிலத்தின் நோய் வரலாற்றையும், அடுத்து வாங்குவோரின் தேவையையும், அதன் பின்னரே விளைச்சலையும் கருதுக. எந்த ஜாதியாயினும் நோயற்ற தோட்டத்து நாற்றையே நடுதல் வேண்டும்.