கிணற்றடிக்கு வைஃபை: பிரிட்ஜா, ஆக்சஸ் பாயிண்டா?

தாம்பரத்தை அடுத்த மணிமங்கலம், படப்பை வட்டாரங்களில் விவசாயிகளின் வீடு ஓரிடத்திலும் கிணறு வேறிடத்திலும் இருப்பது சகஜம். வீட்டு இன்டர்நெட்டைக் கிணற்றடிக்குக் கொண்டு சென்று, கேமரா மூலம் மோட்டாரையும் பயிரையும் கவனிக்க விரும்புவோர், எந்தக் கருவி ஏற்றது என்று அறிந்து வாங்கினால் வீண் செலவைத் தவிர்க்கலாம்.

வேலை வேறு

ஆக்சஸ் பாயிண்ட், தெளிப்பு நீர்க் கருவியைப் போன்றது. தன்னைச் சுற்றி அலைகளைப் பரப்பும். அருகிலுள்ள செல்போனும் கேமராவும் அதில் இணையும். வயர்லெஸ் பிரிட்ஜ், குழாயைப் போன்றது. ஜோடியாக வாங்கி, ஒன்றை வீட்டு மாடியிலும் மற்றதைக் கிணற்றடியிலும் நேருக்கு நேர் வைக்க வேண்டும்.

இதற்குப் பழைய உதாரணம் ஒன்று உண்டு. தரமணியிலுள்ள எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998-ல் புதுச்சேரி கிராமங்களில் தகவல் மையங்களைத் தொடங்கியது. வில்லியனூரிலிருந்து கிராமங்களுக்கு வயர்லெஸ் மூலம் தகவல் சென்றது. வீராம்பட்டினத்தில் கடல் அலையின் உயரம் ஒலிபெருக்கி மூலம் மீனவர்களுக்கு அறிவிக்கப்பட்டது. தூரத்துக்குக் கொண்டு செல்ல ஒரு கருவி. ஊருக்குள் பரப்ப வேறொன்று. கிணற்றடிக்கும் இதே கணக்குதான்.

எதை வாங்குவது?

மோட்டார் கொட்டகை வீட்டை ஒட்டியிருந்தால் வெளிப்புற ஆக்சஸ் பாயிண்ட் ஒன்றே போதும். சற்றுத் தள்ளி, 100 மீட்டருக்குள் இருந்தால் நெட்வொர்க் கேபிள் இழுக்கலாம். அதற்கு மேல் பிரிட்ஜே ஏற்றது. கேமராவை பிரிட்ஜுடன் கேபிளால் இணைத்துவிடலாம். கிணற்றடியில் செல்போனுக்கும் வைஃபை தேவை என்றால் மட்டும் அங்கே ஓர் ஆக்சஸ் பாயிண்டும் சேர்க்க வேண்டும்.

கவனிக்க வேண்டியவை

* இரு கருவிகளுக்கும் இடையே மரமோ சுவரோ மறைக்கக் கூடாது. 5 கிகாஹெர்ட்ஸ் கருவிகளை 300 மீட்டர் இடைவெளியில் வைத்தால், நடுவழியில் நேர்க்கோட்டைச் சுற்றி சுமார் 2 மீட்டர் வெற்றிடம் தேவை. தென்னங்கன்று வளரும் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.
* இரு முனைகளிலும் மின்சாரம் தேவை. ஒரு முனையில் நின்றாலும் இணைப்பு அறுந்துவிடும். சிறு பேட்டரி வைப்பது நல்லது.
* இடியிலிருந்து காக்க, கம்பத்துக்கு எர்த் அவசியம்.
* 2015 டிசம்பரில் முடிச்சூர், வரதராஜபுரம் பகுதிகள் வெள்ளத்தில் மூழ்கின. தாழ்வான நிலங்களில் மின் இணைப்புகளை வெள்ள மட்டத்துக்கு மேலே வைக்க வேண்டும்.

மோட்டாரைப் போடவும் நிறுத்தவும் மட்டும் என்றால் இவை எதுவும் தேவையில்லை. சிம் கார்டு போட்டு செல்போனில் இயக்கும் ஸ்டார்ட்டர் கருவியே போதும். கிணற்றடியில் செல்போன் சிக்னல் கிடைக்கிறதா என்று பார்த்துவிட்டு வாங்கவும்.