மொழிச் சிறுபான்மையும் கிராமப் பஞ்சாயத்தும்: பாலக்காடு, இடுக்கி எல்லைப் பகுதிகள்

1956 நவம்பர் முதல் நாள் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது, எல்லைக் கோட்டை எங்கே வரைந்தாலும் அதன் இருபுறத்திலும் பிறமொழி பேசுவோர் சிலர் எஞ்சியே தீருவர் என்பது தெரிந்தே ஏற்றுக்கொள்ளப்பட்டது. பல மொழியினர் ஒன்றாக வாழும் கூட்டாட்சியில், அதிகாரத்தை மத்திய அரசிலிருந்து மாநிலத்திற்குப் பகிர்ந்தளிப்பது ஒரு மொழியினரின் குறையைத் தீர்க்கும். அதே செயல் அம்மாநிலத்தினுள் வேறொரு மொழியினரைச் சிறுபான்மையினர் ஆக்கிவிடும். எனவே பகிர்வு மாநிலத் தலைநகரோடு நின்றுவிடலாமா, இன்னும் எவ்வளவு கீழே இறங்க வேண்டும் என்ற வினா எழுகிறது. கேரளத்தின் பாலக்காடு, இடுக்கி மாவட்டங்களின் கிழக்கு எல்லையில் வாழும் தமிழ் மக்களின் நிலை இவ்வினாவுக்கு நல்லதோர் எடுத்துக்காட்டாகும்.

இவ்விரு பகுதிகளும் ஒரே வரலாறு உடையவை அல்ல. பாலக்காடு வட்டம் சென்னை மாகாணத்து மலபார் மாவட்டத்தில் இருந்தது. அதனை அடுத்த சிற்றூர் வட்டம் கொச்சி அரசுக்கு உட்பட்டிருந்தது. தேவிகுளமும் பீருமேடும் திருவிதாங்கூரைச் சேர்ந்தவை. மக்களும் அவ்வாறே வேறுபடுகின்றனர். கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி, எருத்தேம்பதி ஆகிய இடங்களில் வாழும் தமிழர்கள் பெரும்பாலும் உழவர்கள். கோவை, பொள்ளாச்சிச் சீமையின் தொடர்ச்சியாகவே அவர்கள் வாழ்வு அமைந்துள்ளது. மறையூர், காந்தளூர், வட்டவடை ஊர்களின் தமிழ்க் குடியானவர்கள் தேயிலை வருவதற்கு முன்பே மலையில் நிலைபெற்றவர்கள். மூணாறு, வண்டிப்பெரியாறு தோட்டங்களின் தொழிலாளர் குடும்பங்களோ பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து நெல்லை, இராமநாதபுரம், மதுரைப் பகுதிகளிலிருந்து கொண்டுவரப்பட்டவை. இம்மூவகையினரையும் 'குடியேறியோர்' என்ற ஒரே சொல்லால் குறிப்பது வழக்கமாகிவிட்டது, அது சரியன்று.

எல்லை வகுத்த முறை

1953 டிசம்பரில் அமைக்கப்பட்ட மாநிலச் சீரமைப்புக் குழுவில் பசல் அலி தலைவராகவும், எச். என். குன்ஸ்ரு, கே. எம். பணிக்கர் ஆகியோர் உறுப்பினர்களாகவும் இருந்தனர். மார்ஷல் நேசமணியைத் தலைவராகக் கொண்ட திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ், தமிழர் மிகுந்த வட்டங்களைச் சென்னை மாநிலத்துடன் இணைக்கக் கோரியது. 1955 செப்டம்பரில் அளிக்கப்பட்ட குழுவின் அறிக்கை தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு, செங்கோட்டை ஆகியவற்றைச் சென்னைக்கு அளித்தது. தேவிகுளமும் பீருமேடும் சிற்றூரும் கேரளத்திலேயே இருக்கும்படி விடப்பட்டன.

1951ஆம் ஆண்டின் கணக்கெடுப்பின்படி தேவிகுளம் வட்டத்தில் தமிழ் பேசுவோர் 70 சதவீதத்திற்கும் மேல்; பீருமேட்டில் பாதியை எட்டவில்லை. தொழிலாளர் பலர் வந்துபோகும் மக்கள் என்பது திருவிதாங்கூர்-கொச்சித் தரப்பின் வாதம். அதைவிட வலுவாக நின்றது பொருளாதாரக் காரணம். தேயிலையும் ஏலமும் மட்டுமன்றி ஆறுகளும் அம்மலையிலேயே பிறக்கின்றன. கேரளப் பகுதியின் முதல் நீர்மின் நிலையமான பள்ளிவாசல் 1940இல் தேவிகுளம் வட்டத்தில்தான் இயங்கத் தொடங்கியது. பட்டம் தாணுப் பிள்ளை முதலமைச்சராக இருந்த 1954-55இல் சமவெளி மலையாளிகளை உயர்மலையில் குடியமர்த்தும் திட்டமும் தொடங்கப்பெற்றது. தென் வட்டங்களுக்கு மொழி அளவுகோலாயிற்று. மலை வட்டங்களுக்கு மண்ணும் நீரும் அளவுகோலாயின. அத்தீர்ப்பை மீண்டும் திறப்பதால் இன்று பயன் ஒன்றும் இல்லை. எல்லை மாறாத நிலையில் அங்குள்ளோருக்கு என்ன கிடைத்தது என்பதே ஆராயத்தக்கது.

மாவட்டம் என்னும் அளவுகோல்

எல்லை வகுத்த அதே ஆண்டில் ஏழாவது திருத்தத்தின் வழியாக அரசியல் சட்டத்தில் 350அ, 350ஆ என இரு பிரிவுகள் சேர்க்கப்பட்டன. முன்னது தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் பெறுவதற்கு வசதி செய்யுமாறு மாநிலங்களைப் பணிக்கிறது; பின்னது மொழிச் சிறுபான்மையினருக்கென ஒரு தனி ஆணையரை ஏற்படுத்துகிறது. ஒரு பள்ளியில் 40 மாணவர் அல்லது ஒரு வகுப்பில் 10 மாணவர் இருந்தால் அவர்கள் மொழியில் ஆசிரியர் வேண்டும் என்பது 1949இலேயே கல்வி அமைச்சர்கள் மாநாடு வகுத்த நெறி. கேரளமும் தன் பங்குக்கு 1969ஆம் ஆண்டின் ஆட்சிமொழிச் சட்டத்தில் தமிழருக்கும் கன்னடருக்கும் ஓர் உரிமையை எழுதி வைத்தது. அதன்படி தலைமைச் செயலகத்திற்கும் துறைத் தலைவர்களுக்கும், சிறுபான்மைப் பகுதிகள் என அறிவிக்கப்பட்ட இடங்களின் உள்ளூர் அலுவலகங்களுக்கும் அவர்கள் தம் மொழியில் எழுதலாம். விடையும் அம்மொழியிலேயே வரவேண்டும். மனுவை எம்மொழியிலும் கொடுக்கும் உரிமை அரசியல் சட்டத்தின் 350ஆவது பிரிவிலேயே உண்டு. ஆனால் விடை எம்மொழியில் வரும் என்பதை அப்பிரிவு கூறவில்லை. அந்தக் குறையைத்தான் 1969ஆம் ஆண்டுச் சட்டம் நிரப்பிற்று.

மொழி ஆட்சிமொழியாக ஏற்கப்படுவதற்கு உரிய அளவுகோலோ மாவட்டமாக நிறுத்தப்பட்டது. ஒரு மாவட்டத்து மக்களில் 70 சதவீதத்தினர் சிறுபான்மை மொழி பேசினால் அங்கே அம்மொழியை ஆட்சிமொழியாக்கலாம் என்று சீரமைப்புக் குழு கூறியது. 1961இல் முதலமைச்சர்கள் மாநாடு அதனை 60 சதவீதமாகக் குறைத்தது. தாராளமான சலுகையாகத் தோன்றும் இது, எல்லை மலைகளில் எவருக்கும் பயன்படவில்லை. 1972 ஜனவரி 26 அன்று கோட்டயம் மாவட்டத்திலிருந்து தேவிகுளம், பீருமேடு, உடும்பஞ்சோலை வட்டங்களும், எர்ணாகுளத்திலிருந்து தொடுபுழை வட்டமும் பிரிக்கப்பட்டு இடுக்கி மாவட்டம் உருவாயிற்று. 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் கேரளம் முழுவதிலும் தமிழைத் தாய்மொழியாகக் கூறியோர் சுமார் 5 லட்சம். இடுக்கி மாவட்டத்தில் அவர்கள் பங்கு ஐந்தில் ஒன்றுக்கும் குறைவு. பாலக்காட்டில் பத்தில் ஒன்றுக்கும் குறைவு. தோட்டப் பகுதிகளிலும் சிற்றூர் வட்டத்தின் கிழக்குப் பஞ்சாயத்துகளிலும் தெருவெங்கும் தமிழ் ஒலித்தாலும், மாவட்டக் கூட்டலில் அது கரைந்துவிடுகிறது.

இதற்கு மாறான முறையைப் பின்லாந்து நாட்டில் காணலாம். அங்கே மொழிச் சிறுபான்மையைக் கணக்கிடும் அலகு உள்ளூர் நகராட்சியே. ஒரு நகராட்சியில் சுவீடிஷ் அல்லது பின்னிஷ் மொழிச் சிறுபான்மையினர் 8 சதவீதம் இருந்தால், அல்லது 3,000 பேர் இருந்தால், அது இருமொழி நகராட்சி ஆகிவிடும். பத்தாண்டுக்கு ஒருமுறை இக்கணக்குப் புதுப்பிக்கப்படுகிறது. நாடு முழுவதிலும் சுவீடிஷ் பேசுவோர் மிகச் சிலரே ஆயினும், அவர்கள் செறிந்து வாழும் இடத்தில் அவர்கள் மொழி அலுவலக மேசைக்கு வந்துவிடுகிறது.

பஞ்சாயத்தின் கையும் அதன் எல்லையும்

73ஆவது திருத்தம் 1993 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தபின், 1994ஆம் ஆண்டின் கேரளப் பஞ்சாயத்து ராஜ் சட்டம் இம்மக்களுக்கு எதிர்பாராத ஒரு வாய்ப்பைத் தந்தது. சட்டத்தை எழுதியோர் மொழியை மனத்திற்கொண்டு எழுதவில்லை. ஆயினும் தமிழர் பெரும்பான்மையினராக இருக்கும் ஆட்சி அலகு கிராமப் பஞ்சாயத்து ஒன்றே. தொடக்கப் பள்ளி, ஆரம்பச் சுகாதார நிலையம், வேளாண்மை அலுவலகம், கால்நடை மருத்துவமனை ஆகியவை பஞ்சாயத்துக்கு மாற்றப்பட்டன. 1996 ஆகஸ்டில் தொடங்கிய மக்கள் திட்ட இயக்கம் மாநிலத் திட்ட ஒதுக்கீட்டில் 35 முதல் 40 சதவீதம் வரை உள்ளாட்சிகளுக்கு ஒதுக்கியது. கிராம சபையில் பேசத் தமிழே போதும். தேர்தலில் சிறுபான்மைப் பகுதி வாக்காளருக்கு வேட்பாளர் பெயர் தமிழிலும் அச்சிடப்படுகிறது.

2010இல் மூணாறு பஞ்சாயத்திலிருந்து பிரிக்கப்பட்டுக் கேரளத்தின் முதல் பழங்குடிப் பஞ்சாயத்தாக அமைந்த இடமலைக்குடியை இங்கே குறிப்பிட வேண்டும். இருபதுக்கும் மேற்பட்ட குடிகளில் முதுவர் வாழ்கின்றனர். அவர்கள் பேச்சு தமிழோடு நெருங்கிய உறவுடையது. கேரளத்தில் ஐந்தாவது அட்டவணைப் பகுதி எதுவும் இல்லாமையால் 1996ஆம் ஆண்டின் பழங்குடிப் பகுதிப் பஞ்சாயத்துச் சட்டம் அங்கே செல்லாது. சாதாரணப் பஞ்சாயத்துச் சட்டத்தைக் கொண்டே இம்முயற்சி நடந்தது. பெயரளவில் தன்னாட்சி வந்தபின்னும் பல ஆண்டுகள் பஞ்சாயத்து அலுவலகம் காட்டுக்கு வெளியே தேவிகுளத்திலிருந்தே இயங்கிற்று. ஒரு சான்றிதழுக்காகக் காட்டு வழியே நடந்து இறங்கி மலையேற வேண்டியிருந்தவருக்கு, தனிப் பஞ்சாயத்து கிடைத்தும் தொலைவு குறையவில்லை. ஆனால் கோவிட் நோய் பரவிய 2020இல், வெளியார் வருகையைக் குடியினரும் பஞ்சாயத்தும் தாமே கூடித் தடுத்தனர். 2021 ஜூலை வரை அங்கே ஒருவருக்கும் நோய் காணப்படவில்லை. முடிவெடுக்கும் இடம் அருகில் இருந்ததன் பயன் அப்போது தெரிந்தது.

தேயிலைத் தோட்டத்தில் நிலைமை வேறு. லயமும் அதனுள் செல்லும் பாதையும் நிறுவனத்தின் சொத்து. வீடு, குடிநீர், மருத்துவம், குழந்தைகளின் கல்வி ஆகிய பொறுப்புகளை 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் முதலாளியின்மீது சுமத்தியது. பின்னர் அச்சட்டம் 2020ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டத் தொகுப்பில் சேர்க்கப்பட்டது. ஆகவே தொழிலாளி பஞ்சாயத்துக்கு வாக்களிக்கிறார். ஒழுகும் கூரைக்கோ தோட்ட மேலாளரிடம் செல்கிறார். இலங்கையில் இக்குறை சட்டத்திலேயே எழுதப்பட்டிருந்தது. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டம் தோட்டங்களுக்குள் சபை நிதியைச் செலவிட இடந்தரவில்லை. 2018இல்தான் அது திருத்தப்பட்டது. 2015 செப்டம்பரில் மூணாறின் பெண் தொழிலாளர்கள் 20 சதவீத போனஸ் கேட்டுத் தெருவில் அமர்ந்தபோது, பேச்சு வார்த்தை நிறுவனத்தோடும் மாநில அமைச்சர்களோடும் நடந்தது. பஞ்சாயத்துக்கு அதில் இடம் இருக்கவில்லை.

சிற்றூரில் தண்ணீரே பெரிய செய்தி. 1958 முதல் செல்லுமாறு 1970 மே மாதம் கையொப்பமான பரம்பிக்குளம்-ஆழியாறு உடன்பாட்டின்படி, மணக்கடவு அணைக்கட்டில் ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. நீர் கேரளத்திற்குக் கிடைக்க வேண்டும். அந்நீரை நம்பி வடகரப்பதியில் தென்னை வளர்க்கும் தமிழ் உழவர் கேரளத்தின் தரப்பில் நின்றே தமிழ்நாட்டிடம் நீர் கேட்கிறார். மொழி எல்லையும் பயன் எல்லையும் ஒன்றல்ல என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை. ஆனால் இரு மாநிலப் பொறியாளர் அமர்ந்து நீரைப் பங்கிடும் கூட்டுக் குழுவில், கால்வாயின் கடைமடைப் பஞ்சாயத்துகளுக்கு நாற்காலி கிடையாது.

பள்ளியிலும் இதே முறிவு உண்டு. கட்டடத்தைப் பழுதுபார்க்கும் கடமை பஞ்சாயத்தினுடையது. ஆசிரியரை நியமிப்பதும் ஊதியம் தருவதும் மாநில அரசு. தமிழ் வகுப்பில் ஆசிரியர் இடம் காலியானால், கூரையை மாற்ற முடிந்த பஞ்சாயத்தால் ஆசிரியரை அமர்த்த முடியாது. 2017ஆம் ஆண்டுச் சட்டம் பத்தாம் வகுப்பு வரை மலையாளத்தைப் பாடமாக்கியது. மாநில மொழியை அறிவது எல்லைப் பிள்ளைகளுக்கு வேலைக்கும் உயர்கல்விக்கும் நன்மையே. தாய்மொழி ஆசிரியரும் உடன் இருந்தால்தான் அந்நன்மை முழுமையாகும்.

அளவுகோலை மாவட்டத்திலிருந்து பஞ்சாயத்துக்கு இறக்குவதற்கு அரசியல் சட்டத் திருத்தம் வேண்டியதில்லை. சிறுபான்மைப் பகுதிகளை அறிவிக்கும் அதிகாரத்தை 1969ஆம் ஆண்டுச் சட்டமே மாநில அரசுக்குத் தந்துள்ளது, வேண்டியவை ஆட்களே. பாலக்காடு, இடுக்கி மாவட்டங்களுக்கெனத் தமிழும் மலையாளமும் அறிந்த எழுத்தர் பதவிகளை அரசுப் பணித் தேர்வாணையம் தனியே அறிவிப்பதுண்டு. தமிழ் மனுவைப் படித்துத் தமிழிலேயே விடை எழுத வேண்டியவர் அந்த எழுத்தரே. அவ்விருக்கை நிரம்பியிருக்கும் அலுவலகத்தில் 1969ஆம் ஆண்டுச் சட்டம் நடைமுறையில் இருக்கிறது. காலியாக உள்ள இடத்தில் மனு மொழிபெயர்ப்பாளரைத் தேடி வேறு அலுவலகத்திற்குச் செல்கிறது.