உயர்கல்வியின் முன்சுவை

தமிழகத்தில் பள்ளியிறுதி முடித்தோர் ஓராண்டுப் புகுமுக வகுப்பைக் கல்லூரியிலேயே பயின்ற காலம் ஒன்றுண்டு. 1978இல் மேல்நிலைக் கல்வி பள்ளிகளில் தொடங்கியபின் அவ்வாயில் அடைபட்டது. கருவேப்பிலங்குறிச்சி போன்ற சிற்றூர்களில், வீட்டில் எவரும் கல்லூரி மிதித்திராத நன்மாணாக்கர் சிலர், உயர்கல்வி எத்தகையது என்றறியாமலே பன்னிரண்டாம் வகுப்போடு நின்றுவிடுகின்றனர்.

நடுவணரசு 2008இல் தொடங்கிய 'இன்ஸ்பயர்' திட்டம், பத்தாம் வகுப்பில் முன்னிலை பெற்றோரை அறிவியல் முகாம்களுக்கு அழைத்தது. தமிழக அரசு 2022இல் 'கல்லூரிக் கனவு' வழிகாட்டலைத் தொடங்கியது. இவை போற்றத்தக்கன. ஆயினும் கல்லூரியைக் காண்பது வேறு. கல்வியைச் சுவைப்பது வேறு.

அண்மையிலுள்ள விருத்தாசலம் பீங்கான் தொழிலுக்குப் பெயர்பெற்றது. சூளையில் களிமண் இறுகும் என்பதைப் பள்ளி மாணவர் அறிவர். சுட்ட மண் நீரில் ஏன் மீண்டும் குழைவதில்லை என வினவுமிடத்தில் உயர்கல்வி தொடங்குகிறது. ஏறத்தாழ 600 பாகை செல்சியசில் மண்ணின் படிகங்களுள் பிணைந்த நீர் வெளியேற, அதன் அமைப்பே மாறிவிடுகிறது. இதனை ஆய்வகத்தில் தாமே சோதித்தறியும் மாணவர், கல்லூரியை அயலிடமாகக் கருதார்.

ஆண்டுக்கு ஒரு வாரமேனும் நம் ஆய்வகங்களையும் நூலகங்களையும் அவர்களுக்குத் திறந்துவைப்போம். பேராசிரியர் கற்பிக்க, ஊர்ப் பெரியோர் வழிச்செலவை ஏற்பின், ஏழை வீட்டு அறிவு வீணாகாது.