சர்வரில் திருடன் புகுந்தால் சாட்சியத்தை அழிக்காதீர்கள்

கலவையிலிருந்து சென்னைக்கும் பெங்களூருக்கும் கணினி வேலைக்குப் போயிருக்கும் நம் பிள்ளைகள் இன்று பலர். ராணிப்பேட்டை, ஆம்பூர் தோல் கம்பெனிகளின் கணக்கும் வெளிநாட்டு ஆர்டரும்கூட 'கிளவுட்' எனப்படும் வாடகை சர்வர்களுக்குப் போய்விட்டன. அந்த சர்வர் மும்பையில் யாருடைய கட்டிடத்திலோ ஓடுகிறது. நாம் கண்ணால் கண்டதில்லை.

நம் மஹல்லா இளைஞர் ஒருவர் ஓர் ஏற்றுமதி அலுவலகத்தில் அப்படிப்பட்ட சர்வரைக் கவனித்து வந்தார். ஒருநாள் வெளிநாட்டு வாடிக்கையாளருக்குப் போன பில்லில் வங்கிக் கணக்கு எண் மாறியிருந்தது. பதறிப்போனவர் அன்றிரவே சர்வரை முழுக்க அழித்து, புதிதாக நிறுவிவிட்டார். காலையில் வேலை ஓடியது. ஆனால் யார் நுழைந்தார், எந்த வழியாக, எப்போது என்று போலீசார் கேட்டபோது காட்ட ஒன்றுமில்லை. சந்தேகம் அவர் மேலேயே திரும்பியது. நாம் நேரில் போய்ப் பேசினோம். அவர் நடத்தைக்குச் சாட்சி சொல்ல முடிந்தது. சர்வருக்குச் சொல்ல முடியவில்லை.

அவர் அந்த இரவில் செய்திருக்க வேண்டியது வேறு. சர்வரை அணைக்காமல், வெளித்தொடர்பை மட்டும் துண்டிக்க வேண்டும். அணைத்தால் ரேம் நினைவகத்தில் இருப்பது போய்விடும். திருடன் ஓட்டிய நிரல் பல நேரம் அங்கு மட்டுமே இருக்கும். விரைவில் அழிவதை முதலில் எடு என்பது இத்துறையின் பழைய விதி. ஆகவே முதலில் நினைவகத்தின் நகல், பிறகு வட்டின் நகல். வட்டு நகலை 'ஸ்னாப்ஷாட்' என்கிறார்கள். அதைத் திருடன் கை எட்டாத வேறொரு கணக்குக்கு மாற்றிவிட வேண்டும். நிர்வாகக் கடவுச்சொல்லே அவனிடம் இருந்தால், அதே கணக்கில் வைத்த நகலையும் அவன் அழித்துவிடுவான். கூட்டத்துக்கேற்ப சர்வர்களைத் தானாகக் கூட்டிக் குறைக்கும் வசதி இருந்தால் அதையும் நிறுத்த வேண்டும். இல்லையேல் பழுதான சர்வர் என்று அதுவே சாட்சியத்தைக் குப்பையில் போட்டுவிடும்.

அடுத்து லாக் பதிவுகள். அமேசான் கிளவுடில் யார் எதைத் தொட்டார் என்ற குறிப்பு, நாம் தனியே சேமிக்க ஏற்பாடு செய்யாவிட்டால், 90 நாள் வரைதான் கிடைக்கும். 2022 ஏப்ரல் 28 அன்று செர்ட்-இன் பிறப்பித்த உத்தரவோ 180 நாள் வைத்திருக்கச் சொல்கிறது. ஊடுருவல் தெரிந்த 6 மணி நேரத்துக்குள் அவர்களுக்குத் தெரிவிக்கவும் சொல்கிறது. நேரத்தைப் படிப்பதிலும் கவனம் தேவை. இப்பதிவுகள் பெரும்பாலும் உலகப் பொது நேரத்தில் இருக்கும். வியாழன் இரவு 10:10 என்றிருந்தால் நமக்கு அது வெள்ளி அதிகாலை 3:40, தஹஜ்ஜுத் நேரம்.

எடுத்த ஒவ்வொரு நகலுக்கும் 'ஹாஷ்' எண் கணக்கிட்டு எழுதிவைக்க வேண்டும். கோப்பில் ஓர் எழுத்து மாறினாலும் அந்த எண் மாறிவிடும். யார் எடுத்தார், யாரிடம் கொடுத்தார், எப்போது என்ற வரிசையும் அறுபடாமல் வேண்டும். மதரஸாவில் ஓதியவர்களுக்கு இது புதிதல்ல. ஹதீஸின் வாசகம் எவ்வளவு அழகாக இருந்தாலும் அறிவிப்பாளர் தொடரில் ஒரு கண்ணி விடுபட்டால் அதன் தரம் இறங்கிவிடுகிறதே! நீதிமன்றமும் அப்படித்தான் பார்க்கிறது. 2024 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள பாரதிய சாட்சிய சட்டத்தின் 63ஆம் பிரிவு, மின்னணு ஆவணத்துடன் தரும் சான்றிதழில் ஹாஷ் எண்ணையும் கேட்கிறது.

பெரிய இடங்களுக்கும் இது நேர்கிறது. 2022 நவம்பர் 23 அன்று டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் ஐந்து சர்வர்கள் தாக்கப்பட்டு, சுமார் 1.3 டெராபைட் தகவல் பூட்டப்பட்டது. நோயாளிச் சீட்டைப் பல நாள் கையால் எழுதினார்கள். பாதிக்கப்படாத காப்பு சர்வர் ஒன்று இருந்ததால் தகவலைப் புதிய சர்வர்களுக்கு மீட்க முடிந்தது. பழைய சர்வரைத் துடைத்து அதிலேயே வேலையைத் தொடங்கும் நெருக்கடி, தனியே காப்பு வைத்திருப்பவருக்கு இல்லை.

பணம் போயிருந்தால் தாமதமின்றி 1930 எண்ணை அழைக்கவும். கம்பெனி சர்வரைக் கவனிக்கும் நம் பிள்ளைகள், லாக் பதிவு எத்தனை நாள் நிற்கிறது என்பதை இந்த வாரமே பார்த்து, 180 நாளுக்குக் குறைவாக இருந்தால் முதலாளிக்கு எழுத்தில் தெரிவித்து, அதன் நகலைத் தம்மிடமும் வைத்துக்கொள்ளட்டும்.