ஐம்பது தாண்டியவர்களுக்குச் சலுகைக் கார்டு: பணம் கட்டலாமா?

கேள்வி: எனக்கு 53 வயது. திருச்சுழிக்குப் பக்கத்துக் கிராமம். ஆறு ஏக்கர் மானாவாரிக் கரிசலில் பருத்தியும் மிளகாயும் போடுகிறேன். மனைவிக்குச் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் இருக்கின்றன. போன மாதம் அருப்புக்கோட்டையில் ஒரு கல்யாண மண்டபத்தில் கூட்டம் போட்டு, 50 வயதைத் தாண்டியவர்களுக்கு மட்டும் என்று ஒரு சலுகைக் கார்டுக்கு ஆள் சேர்த்தார்கள். ஆஸ்பத்திரி, ஸ்கேன், மருந்து, மூக்குக்கண்ணாடி, ஜவுளி, ஓட்டல் என எல்லாவற்றிலும் 10 முதல் 50 சதவீதம் வரை தள்ளுபடியாம். வருடத்துக்கு 2,500 ரூபாயும் வரியும். ஐந்து வருடத்துக்குச் சேர்த்து 10,000 கட்டினால் கடைசியில் அந்தப் பணம் முழுவதும் திரும்ப வருமாம். ஐந்து பேரைச் சேர்த்துவிட்டால் நமக்குக் கார்டு இலவசம், அவர்கள் சேர்க்கிற ஆட்களுக்கும் நமக்குக் கமிஷன் உண்டு என்கிறார்கள். 500 ரூபாய் முன்பணம் கட்டிவிட்டேன். ஒரு துண்டுச் சீட்டுத்தான் தந்தார்கள். மீதியைக் கட்டலாமா? வேண்டாமென்றால் 500 திரும்பக் கிடைக்குமா?
– வாசகர், திருச்சுழி வட்டம்

பதில்: மீதியைக் கட்டாதீர்கள். 10,000 ரூபாய்த் திட்டத்தின் பக்கமே போக வேண்டாம். 500 ரூபாயைத் திரும்பக் கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. அதற்கான வழியைக் கடைசியில் சொல்கிறேன்.

சட்டத்துக்கு முன்னால் கணக்கைப் பார்த்துவிடுவோம். 2,500 ரூபாயோடு 18 சதவீத ஜிஎஸ்டி சேர்ந்தால் 2,950. பத்து சதவீதத் தள்ளுபடியில் இந்தப் பணத்தை மீட்க வேண்டுமானால், கார்டை ஏற்கும் கடைகளில் மட்டும் நீங்கள் வருடத்துக்கு 29,500 ரூபாய்க்குச் செலவழிக்க வேண்டும். இருபது சதவீதம் கிடைத்தாலும் 14,750 ரூபாய். போட்ட பணம் கைக்கு வரவே இவ்வளவு. மிச்சம் என்று ஒன்று வருவது அதற்குப் பிறகுதான். வடகிழக்குப் பருவமழை ஏமாற்றிய வருடத்தில் இந்தக் கடைகளில் இவ்வளவு செலவழிக்கும் நிலையில் இருப்பீர்களா என்று வீட்டில் உட்கார்ந்து பேசுங்கள். அவர்கள் தந்த நோட்டீசில் உள்ள கடைப் பட்டியலில் திருச்சுழி, அருப்புக்கோட்டை, விருதுநகர்க் கடைகளை மட்டும் பேனாவால் குறியுங்கள். மீதி மதுரைக் கடைகள் என்றால், இரண்டு பேருடைய பஸ் கட்டணத்தையும் ஒரு நாள் வேலையையும் தள்ளுபடியிலிருந்து கழிக்க வேண்டும். பெண்களுக்கான கட்டணமில்லாப் பயணம் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில்தான். மதுரைக்குப் போகும் புறநகர்ப் பேருந்தில் உங்கள் மனைவிக்கும் டிக்கெட் எடுத்தாக வேண்டும்.

மனைவியின் மாத்திரைகள்தான் உங்கள் வீட்டில் மாதந்தோறும் வருகிற மருத்துவச் செலவு. சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்குமான மாத்திரைகள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் அவற்றை வீட்டுக்கே கொண்டுவந்து கொடுக்கிறார்கள். இலவசமாகக் கிடைப்பதற்குத் தள்ளுபடி வாங்கப் பணம் கட்ட வேண்டியதில்லை. வெளியில்தான் வாங்குகிறீர்கள் என்றாலும், கார்டு எதுவும் கேட்காமலே பத்து சதவீதம் குறைத்துத் தரும் மெடிக்கல் கடைகள் எத்தனையோ இருக்கின்றன. ஸ்கேனுக்கு மருந்து அட்டையைப் போல அச்சிட்ட விலை கிடையாது; ஒவ்வொரு சென்டரும் ஒரு கட்டணம் சொல்லும். அதனால், கார்டு பற்றிப் பேசாமல் முதலில் கட்டணத்தைக் கேட்டு எழுதிக்கொண்டு, பிறகு கார்டுக்கு என்ன கட்டணம் என்று கேட்டால்தான் உண்மையான தள்ளுபடி தெரியும்.

இனி சட்டம். இந்தக் கார்டில் உங்களிடம் பணம் வாங்குகிறவர் ஒருவர். தள்ளுபடி தர வேண்டியவர் வேறொருவர். உங்களுக்கும் ஜவுளிக் கடைக்கும் இடையில் ஒப்பந்தம் ஏதும் இல்லை. கடைக்காரர் நாளைக்கே “இந்தக் கார்டை நாங்கள் இப்போது எடுப்பதில்லை” என்று சொன்னால், கார்டை வைத்து அவரைக் கட்டாயப்படுத்த முடியாது. நீங்கள் கேள்வி கேட்க முடிவது கார்டு விற்ற நிறுவனத்தை மட்டும்தான். அவர்களோ விண்ணப்பத்தின் பின்பக்கத்தில், கடைகளின் பட்டியலை முன்னறிவிப்பின்றி மாற்றலாம், கட்டணம் எக்காரணம் கொண்டும் திருப்பித் தரப்படாது என்று பொடி எழுத்தில் அச்சிட்டு வைத்திருப்பார்கள். என்னிடம் வருகிறவர்களில் பலர் கையெழுத்துப் போட்ட பிறகுதான் அந்தப் பக்கத்தைப் படிக்கிறார்கள். ஆகவே பட்டியலில் உள்ள இரண்டு மூன்று கடைகளுக்கு நீங்களே நேரில் போய், இந்தக் கார்டை ஏற்கிறீர்களா, எதுவரை ஒப்பந்தம் என்று கேளுங்கள். “எங்களுக்குத் தெரியாதே” என்று ஒரு கடை சொன்னாலும் அதைக் குறித்து வையுங்கள். இல்லாத தொடர்பை இருப்பதாகக் காட்டி விற்பது 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் பிரிவு 2(47)இன்படி நியாயமற்ற வணிக முறை. 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம் பிரிவு 19இன்படி, பொய்யை நம்பிச் செய்த ஒப்பந்தத்தை நீங்கள் ரத்து செய்யலாம்.

பணம் முழுவதும் திரும்ப வரும் என்ற பேச்சுத்தான் எனக்கு மிகவும் கவலை தருகிறது. திருப்பித் தருவதாகச் சொல்லிப் பொதுமக்களிடம் வாங்கும் பணத்துக்குச் சந்தா, உறுப்பினர் கட்டணம் என்று என்ன பெயர் வைத்தாலும் அது வைப்புத்தொகையாகக் கருதப்படலாம். முறையான அனுமதி இல்லாமல் வைப்புத்தொகை திரட்டுவது 2019ஆம் ஆண்டின் ஒழுங்குபடுத்தப்படாத வைப்புத்தொகைத் திட்டங்கள் தடைச் சட்டத்தின் கீழ் குற்றம். 1990களில் நிதி நிறுவனங்கள் மூடிக்கொண்டு போனபோது தென்மாவட்டங்களிலும் எத்தனையோ குடும்பங்கள் சேமிப்பை இழந்தன. முதலீட்டாளர் பாதுகாப்புக்கென்று தமிழ்நாடு 1997இல் தனிச் சட்டம் கொண்டுவந்தது அதற்குப் பிறகுதான். அந்தச் சட்டத்தின் கீழ் மதுரையில் சிறப்பு நீதிமன்றமும் இருக்கிறது. ஆனாலும் நிறுவனத்தின் சொத்தை முடக்கி, ஏலம் விட்டு, முதலீட்டாளர் கைக்குப் பணம் வர வருடக்கணக்காகும். எந்தச் சட்டப்படி, யாருடைய அனுமதியோடு இந்த 10,000 ரூபாயை வாங்குகிறீர்கள் என்று எழுத்தில் கேளுங்கள். எழுத்தில் பதில் வராவிட்டால் அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள்.

ஆள் சேர்ப்பதையும் விட்டுவிடுங்கள். தெரிந்தவர் ஒருவரை அறிமுகப்படுத்தினால் ஒரு தடவை சலுகை தருவது பெரும்பாலும் சாதாரண வியாபார முறைதான். ஆனால் நீங்கள் சேர்த்தவர் சேர்க்கும் ஆளுக்கும் உங்களுக்குக் கமிஷன் என்றால், 1978ஆம் ஆண்டின் பரிசுச் சீட்டு மற்றும் பணச் சுழற்சித் திட்டங்கள் தடைச் சட்டம் உங்களைத் தொடக்கூடும். அத்தகைய திட்டத்தை நடத்துவது மட்டுமல்ல, அதில் உறுப்பினராகச் சேர்வதையும் அந்தச் சட்டம் தடுக்கிறது. நிறுவனம் மூடப்பட்டால் பணம் கட்டிய உங்கள் பங்காளியும் சம்பந்தியும் அதன் தலைமை அலுவலகத்தைத் தேடிப் போக மாட்டார்கள். உங்கள் வீட்டு வாசலுக்குத்தான் வருவார்கள்.

“இது இன்சூரன்ஸ் மாதிரி” என்று யாராவது சொல்லியிருந்தால் நம்பாதீர்கள். தள்ளுபடிக் கார்டு ஆஸ்பத்திரிப் பில்லைக் கட்டாது. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பத்துக்கு, முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் வருடத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை கிடைக்கிறது. பிரீமியத்தை அரசே கட்டுகிறது. வருமானச் சான்றையும் குடும்ப அட்டையையும் எடுத்துக்கொண்டு விருதுநகர் ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள பதிவு மையத்துக்குப் போங்கள். இந்தக் கார்டுக்காகச் செலவழிக்க இருந்த நாளை அதற்குச் செலவழியுங்கள்.

50 வயதுக்கென்று நம் சட்டத்தில் பொதுவான சலுகை எதுவும் கிடையாது. 2007ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டப்படி மூத்த குடிமகன் என்றால் 60 வயது. வங்கி வைப்புக்குக் கூடுதல் வட்டியும் 60இல்தான். ரயில் கட்டணச் சலுகைகூட ஆண்களுக்கு 60, பெண்களுக்கு 58 என்றுதான் இருந்தது. அதுவும் 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டது. 50 வயதில் உறுப்பினராகிச் சலுகை பெறும் வழக்கம் அமெரிக்காவில் பெரிய அளவில் இருக்கிறது. அங்கே ஓய்வுபெற்ற பள்ளி முதல்வர் எத்தல் பெர்சி ஆண்ட்ரஸ் 1958இல் தொடங்கிய ‘ஏஏஆர்பி’ என்ற அமைப்புக்குக் கோடிக்கணக்கான உறுப்பினர்கள். அவ்வளவு பேருக்காக ஒரு அமைப்பு பேரம் பேசினால் கடைகள் இறங்கி வரும். கல்யாண மண்டபத்தில் சில நூறு பேரைச் சேர்க்கும் நிறுவனத்துக்கு அந்தப் பலம் வராது.

எல்லாக் கார்டும் வீண் என்று நான் சொல்லவில்லை. ஒரே ஆஸ்பத்திரிக்கோ லேபுக்கோ மாதாமாதம் போகிறவர், அந்த ஆஸ்பத்திரியே எழுத்தில் தள்ளுபடியை உறுதி செய்தால், ஒரு வருடத்துக்கு மட்டும் கட்டலாம். அப்போதும் போனில் ‘ஆட்டோபே’க்குச் சம்மதம் தராதீர்கள், அடுத்த வருடக் கட்டணம் தானாகப் போய்விடும். ஆதார் நகல் கேட்டால் கடைசி நான்கு எண் மட்டும் தெரியும் நகலைக் கொடுங்கள்.

இனி உங்கள் 500 ரூபாய். முன்பணம் கட்டியதாலேயே நீங்கள் சட்டப்படி நுகர்வோர் ஆகிவிட்டீர்கள். முழுத் தொகையும் கட்டியிருக்க வேண்டியதில்லை. முறையான ரசீது தராததும் நியாயமற்ற வணிக முறைதான். கூட்டம் நடந்த தேதி, இடம், அங்கே சொன்ன வாக்குறுதிகள், கட்டிய தொகை எல்லாவற்றையும் ஒரே பக்கத்தில் எழுதுங்கள். சேர விருப்பமில்லை, 15 நாளுக்குள் பணத்தைத் திருப்பித் தரவும் என்று முடித்து, நிறுவன முகவரிக்கு ஒப்புகையோடு ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்புங்கள். துண்டுச் சீட்டையும் நோட்டீசையும் பத்திரமாக வையுங்கள். யாரிடமும் அசலைக் கொடுக்க வேண்டாம். பதில் இல்லையென்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யுங்கள். சிறு தொகைகள் பலவும் அந்தக் கட்டத்திலேயே திரும்பி வந்துவிடுகின்றன. அதற்கும் அசையாவிட்டால் ஸ்ரீவில்லிபுத்தூரில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனுப் போடலாம். இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை. “வழக்கு சென்னை நீதிமன்றத்தில் மட்டும்” என்று அவர்கள் அச்சிட்டிருந்தாலும், நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தில் புகார் செய்யச் சட்டம் இடம் தருகிறது. மனுவை ‘இ-ஜாக்ரிதி’ இணையதளத்திலும் பதியலாம். விசாரணைக்குக் காணொளி வழியாக வர அனுமதி கேட்கலாம். கூட்டத்துக்கு உங்களோடு வந்து முன்பணம் கட்டிய ஊர்க்காரர்கள் இருந்தால், அவர்களையும் இதே கடிதத்தைத் தனித்தனியாக அனுப்பச் சொல்லுங்கள்.